1950களின் ஃபேஷன் ஓவியத்தை எப்படிப் பார்ப்பது?

வோக் என்ற ஃபேஷன் இதழின் பழைய பக்கங்களை இணையத்தில் தேடிப் பார்த்தால் ஒரு வகைப் படம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். நெட்டையான ஒரு பெண். ஒரு பிடிக்குள் அடங்கிவிடும் போன்ற இடுப்பு. அதற்குக் கீழே அகலமாக விரியும் ஸ்கர்ட். முகம் என்று பார்த்தால் ஒரு புருவமும் சிவப்பு உதடும், அவ்வளவுதான். கையுறை போட்ட கை பாதியிலேயே நின்றிருக்கும். ஓவியர் நான்கைந்து தீற்றலில் வேலையை முடித்துவிட்டு எழுந்து போய்விட்ட மாதிரி தெரியும். 'அழகாயிருக்கிறது' என்று சொல்லிவிட்டுப் பலரும் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் அந்தச் சில தீற்றல்களுக்குள் ஓர் உடையைப் பற்றிய தகவல்கள் நிறைய இருக்கின்றன: எந்தத் துணி, எப்படி வெட்டியது, உள்ளே என்ன தாங்குகிறது, போட்டுக்கொண்டு நடந்தால் எப்படி அசையும் என்பது வரை. அவற்றைப் படிக்கக் கற்றுக்கொள்ள ஓவியம் வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இந்தப் படத்தைப் பார்த்துத்தான் அந்த உடையைத் தைத்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடந்தது தலைகீழ். உடை முதலில் தைத்து முடிந்துவிடும். அதைப் பார்த்துத்தான் இதழுக்காக ஓவியர் வரைவார். தைப்பதற்கு முன் வரைவது வேறு வகை ஓவியம். அதை வரைவது வடிவமைப்பாளர்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள பிரெஞ்சு வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் நல்ல உதாரணம். 1930களில் கையில் காசில்லாமல் இருந்தபோது அவர் உடை, தொப்பி ஓவியங்கள் வரைந்து விற்றுத்தான் பிழைத்தார். பிறகு ராபர்ட் பிகே, லூசியன் லெலாங் ஆகியோரின் உடை நிறுவனங்களில் வேலை பார்த்தார். துணி ஆலை முதலாளி மார்செல் பூசாக் பணம் போட, 1946 இறுதியில் பாரிஸின் மொந்தேன் அவென்யூவில் 30ஆம் எண் கட்டடத்தில் சொந்த நிறுவனம் தொடங்கினார். ஒவ்வொரு பருவத்துக்கும் முன்னால் சில வாரங்கள் ஊரைவிட்டு ஒதுங்கி வரைந்து தள்ளுவார். படுக்கையில், குளியல் தொட்டியில், சாப்பாட்டு மேசையில் என்று எங்கேயும் கை ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சின்னச் சின்னப் பென்சில் படங்களில் முகம் இருக்காது, நிழல் இருக்காது. தோள் எங்கே, இடுப்பு எங்கே, ஸ்கர்ட் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது மட்டும் இருக்கும். அவற்றைத் தையற்கூடத் தலைவி மார்கெரித் காரேயிடம் கொடுப்பார். காரே அவற்றைத் தையற்கூடங்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். அங்கே மலிவான வெள்ளைப் பருத்தித் துணியில் மாதிரி உடை தைப்பார்கள். அதைப் பெண் மாடல்மேல் போட்டுப் பார்த்து, கழித்து, திருத்தி, அதன் பிறகுதான் நல்ல துணியில் கத்தரி வைப்பார்கள்.

ஆக, வடிவமைப்பாளர் வரைந்த படம் தையற்காரருக்கான குறிப்பு. இதழில் வந்த படம், காசு கொடுத்து இதழ் வாங்கும் வாசகிக்கானது. இவை தவிர மூன்றாவதாக ஒன்றும் உண்டு. உடை நிறுவனமே பதிவுக்காக வரைந்து, ஓரத்தில் ஒரு துண்டுத் துணியையும் குத்தி வைக்கும் படம். அது கணக்குப் புத்தகம் போன்ற விஷயம், அதில் அழகை எதிர்பார்க்கக் கூடாது. நாம் பார்க்கப் போவது இரண்டாவது வகையை.

சரி, உதாரணத்துக்கு ஓர் உடையை எடுத்துக்கொள்வோம். 1947 பிப்ரவரி 12 அன்று டியோர் தன் முதல் தொகுப்பைக் காட்டினார். ஹார்ப்பர்ஸ் பஜார் இதழின் ஆசிரியர் கார்மெல் ஸ்னோ அதைப் பார்த்துவிட்டு 'நியூ லுக்' என்று சொன்னது அப்படியே பெயராக நிலைத்துவிட்டது. அதில் மிகவும் பேசப்பட்டது 'பார்' என்ற இரண்டு துண்டு உடை. மேலே தந்த நிற ஷாண்டுங் பட்டில் உடம்பை ஒட்டிய கோட். கீழே கறுப்புக் கம்பளித் துணியில் பிளீட் (வரிசையான மடிப்பு) வைத்த ஸ்கர்ட், கெண்டைக்கால் நடுவரை. போர்க் காலத்து உடைகள் சதுரத் தோளும் குட்டை ஸ்கர்ட்டுமாக, துணியைச் சிக்கனம் பிடித்துத் தைத்தவை. டியோரின் உடையில் தோள் இயல்பாகச் சரிகிறது, இடுப்பு இறுகுகிறது, இடுப்பெலும்பு மேல் கோட் வளைந்து வெளியே நிற்கிறது, ஸ்கர்ட்டில் துணி தாராளமாகப் போகிறது. பிரிட்டனில் 1941 ஜூனில் வந்த உடை ரேஷன் 1949 வரை நீடித்தது என்பதை நினைத்துப் பார்த்தால், ஒரே ஸ்கர்ட்டில் இவ்வளவு துணியா என்று பலருக்கு ஆத்திரம் வந்ததைப் புரிந்துகொள்ளலாம். அமெரிக்காவிலும் நீண்ட ஸ்கர்ட்டை எதிர்த்துப் பெண்கள் சங்கம் சேர்ந்தார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். போர் முடிந்து மறுபடி வண்ணத்துக்கும் அகலத்துக்கும் ஏங்கியவர்களின் ஆசையிலும் நியாயம் இருந்தது.

இந்த உடையை ஒரு ஓவியர் எப்படி அணுகுவார்? டியோரின் நண்பர் ரெனே க்ரூவோவின் பாணியை எடுத்துக்கொள்வோம். 1909இல் இத்தாலியின் ரிமினியில் பிறந்தவர். அப்பா இத்தாலியப் பிரபு, அம்மா பிரெஞ்சுக்காரர். அம்மாவின் குடும்பப் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டார். 1947இல் 'மிஸ் டியோர்' வாசனைத் திரவியத்துக்கு அவர் வரைந்த விளம்பரத்தில் பெண்ணே இல்லை. கழுத்தில் முத்து மாலையும் கறுப்பு ரிப்பனும் கட்டிய ஒரு வெள்ளை அன்னம் மட்டும். அந்தக் கழுத்து வளைவைப் பார்த்தாலே நியூ லுக்கின் தோள் சரிவு ஞாபகம் வந்துவிடும்.

க்ரூவோவின் கருவிகள் தூரிகை, மை, கோவாஷ் எனப்படும் கெட்டியான நீர்வண்ணம். கறுப்பு, சிவப்பு, பிறகு காகிதத்தின் வெள்ளை. பல படங்களில் இந்த மூன்றைத் தாண்டவே மாட்டார். பிரெஞ்சுச் சுவரொட்டி ஓவியர் துலூஸ் லோத்ரெக்கிடமிருந்தும் ஜப்பானிய மர அச்சுப் படங்களிலிருந்தும் வந்த பாடம் அது. நிழல் போட்டு உருட்டிக் காட்டாமல், தடித்த கோட்டாலும் தட்டையான வண்ணத்தாலும் உருவத்தை நிறுத்துவது.

இப்போது படத்தைப் படிக்கத் தொடங்கலாம். கண்ணைச் சற்றே சுருக்கிக்கொண்டு பாருங்கள். விவரங்கள் மங்கிப்போய் வெளிவடிவம் மட்டும் நிற்கும். 1950களின் பாரிஸ் உடைகளில் முதல் செய்தி அந்த வடிவம்தான். டியோர் தன் தொகுப்புகளுக்கு வடிவத்தை வைத்தே பெயரிட்டார். 1947 தொகுப்பின் இரண்டு வடிவங்களில் ஒன்று 'கொரோல்', அதாவது பூவின் இதழ் வட்டம். மற்றொன்று 'எட்டு', இடுப்பில் நெருக்கிய 8 எண். 1953இல் டூலிப் பூ. 1954 இலையுதிர் காலத்தில் மார்பும் இடுப்பும் தட்டையான எச். 1955 வசந்தத்தில் தோளிலிருந்து கீழே விரியும் ஏ. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் மேலே அகன்று கீழே ஒடுங்கும் ஒய். இந்தப் பெயர்கள் தெரிந்தால், தேதி இல்லாத ஒரு படத்தைப் பார்த்துக்கூட இது எந்த ஆண்டை ஒட்டியது என்று ஓரளவு சொல்லிவிடலாம். இடுப்பே தெரியாமல் முதுகுப் பக்கம் தளர்ந்து தொங்கும் உடையைப் பார்த்தால் ஸ்பானிய வடிவமைப்பாளர் பாலென்சியாகாவையும் 1957 வாக்கில் வந்த 'சாக்' (கோணிப்பை) உடையையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவர் டியோர் போன பாதைக்கு நேர் எதிர்ப் பாதையில் போனவர்.

வடிவத்துக்கு அடுத்து நிற்கும் நிலை. ஓவியத்துப் பெண் நேராக நிற்பது அபூர்வம். கழுத்துக் குழியிலிருந்து நேர்கீழாக ஒரு கற்பனைக் கோடு போட்டுப் பாருங்கள். அது எந்தப் பாதத்தின்மேல் விழுகிறதோ அந்தக் கால்தான் உடம்பைத் தாங்குகிறது. அந்தப் பக்க இடுப்பு மேலே ஏறியிருக்கும், அதே பக்கத் தோள் இறங்கியிருக்கும். டியோர் காலத்துப் படங்களில் இதோடு இன்னொன்றும் சேரும்: இடுப்பை முன்னுக்குத் தள்ளி, முதுகைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, ஒரு கையை இடுப்பெலும்பின்மேல் வைத்திருப்பாள். அலங்காரத்துக்காக மட்டும் அந்தக் கை அங்கே போகவில்லை. கோட் எங்கே இறுகி எங்கே விரிகிறது என்று அந்தக் கை சுட்டிக்காட்டுகிறது.

உடல் அளவுகளில் ஓவியர்கள் மாற்றம் செய்தார்கள் என்பது உண்மை. நிஜ மனித உடம்பு சுமார் ஏழரைத் தலை உயரம், அதாவது தலையின் நீளத்தைப் போல் ஏழரை மடங்கு. ஃபேஷன் ஓவியத்தில் ஒன்பது தலை சாதாரணம், சிலர் அதற்கும் மேலே போவார்கள். கூடுதல் நீளம் பெரும்பாலும் காலுக்கும் கழுத்துக்கும் போய்ச் சேரும். நீளமான பரப்பில் துணியின் வீழ்ச்சியும் மடிப்பும் விளக்கமாகத் தெரியும் என்பது இதற்கான தொழில் காரணம். ஆனால் இந்த நீட்டலைக் கண்டு தன் உடம்பைக் குறையாக நினைத்த பெண்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். அந்த வரைபட இடுப்பு யாருக்கும் கிடையாது, அந்த உடையை அணிந்த மாடலுக்கும் கிடையாது. 'பார்' கோட்டின் இடுப்பெலும்பு வளைவுகூட உள்ளே பஞ்சும் துணியும் வைத்து எழுப்பியதுதான். மார்பிலிருந்து இடுப்புவரை இறுக்கும் உள்ளாடை ஒன்று அடியில் இருந்தது. ஸ்கர்ட்டை நிறுத்த டூல் வலையில் அடுக்கடுக்கான உள்பாவாடை. இன்று கல்யாண லெஹங்காவுக்கு அடியில் போடும் கேன்கேன் செய்யும் அதே வேலை.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி, துணி. ஓவியர் இழுத்த கோடுகளை வைத்தே துணியைச் சொல்ல முடியும் என்பதை முதன்முறை கவனிக்கிறவர்களுக்கு ஒரு மகிழ்ச்சி கிடைக்கும். கஞ்சி போட்ட கைத்தறிச் சேலையின் கொசுவம் விறைத்து நிற்பதையும் ஷிஃபான் சேலையின் கொசுவம் காலோடு வழிவதையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது எளிதில் பிடிபடும். டஃபெட்டா மாதிரி மொறுமொறுப்பான பட்டு என்றால் மடிப்புக் கோடுகள் உடைந்து, கூர்மையான கோணங்களில் திரும்பும். ஷிஃபான், ஜெர்சி போன்ற மென்மையான துணி என்றால் நீளமான, தொய்ந்த கோடுகள், தூரிகை எங்கேயும் திடீரென்று திரும்பாது. சாட்டின் துணியில் பளீர் வெள்ளைக்குப் பக்கத்திலேயே கும்மிருட்டு இருக்கும். நடுவில் சாம்பல் குறைவு. வெல்வெட்டில் கறுப்பு ஒளியை விழுங்கிவிடும், ஓரத்தில் மட்டும் மெல்லிய வெளிச்சம். டூல் வலைக்கு நீர்த்த மையை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசி, ஓரத்தை அங்கங்கே விட்டுவிட்டு வரைவார்கள். கரடுமுரடான ட்வீட் கம்பளி என்றால் கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையைக் காகிதத்தில் தேய்த்துப் புள்ளி புள்ளியாக விடுவார்கள்.

மடிப்பு எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்ப்பதும் முக்கியம். ஒரே புள்ளியிலிருந்து கதிர்போலப் பரவினால் அங்கே துணியைச் சுருக்கித் தைத்திருக்கிறார்கள். இணைகோடுகளாக இடுப்பிலிருந்து இறங்கினால் பிளீட். இடுப்பில் மடிப்பே இல்லாமல் வழுவழுவென்று ஒட்டியிருந்து, கீழே வரவர அலை எழும்பினால் வட்டமாகவோ முக்கோணத் துண்டுகளாகவோ வெட்டிய ஸ்கர்ட். விளிம்பைப் பாருங்கள். அது நெளிநெளியாக இருந்து உள்பக்கம் கொஞ்சம் தெரிந்தால் சுற்றளவு அதிகம். நேர்க்கோடாக முடிந்தால் ஒடுங்கிய ஸ்கர்ட், அதில் வேகமாக நடக்க முடியாது. தையல் தெரிந்தவர்கள் மார்புக்குக் கீழே இறங்கும் சின்னக் கோடுகளைத் தேடுவார்கள். அவை டார்ட், உடம்பின் வளைவுக்கு ஏற்பத் துணியைக் கூராக மடித்துத் தைத்த இடங்கள். நல்ல ஓவியர் முகத்தை விட்டுவிடுவார், விரல்களை விட்டுவிடுவார், நாற்காலியின் பாதியை விட்டுவிடுவார். உடையின் அமைப்பைச் சொல்லும் அந்த டார்ட் கோட்டை விடமாட்டார். பொத்தான் எண்ணிக்கையும் அப்படித்தான். எதை விட்டார், எதை விடவில்லை என்பதை வைத்தே நான் ஓவியரின் தரத்தை எடைபோடுவேன்.

வெளிக்கோடு சில இடங்களில் காணாமலே போகும். வெளிச்சம் விழும் தோளிலோ ஸ்கர்ட்டின் ஒரு பக்கத்திலோ கோடு நின்றுவிட்டு, கொஞ்ச தூரம் தள்ளி மறுபடி தொடங்கும். இடைவெளியை நம் கண் தானாக இட்டு நிரப்பிக்கொள்கிறது. அந்த இடத்தில் துணி வெளிச்சத்தில் மிதப்பதாகத் தோன்றுவது அதனால்தான். தொடக்க நிலையில் வரைகிறவர்கள் எல்லாக் கோட்டையும் மூடிவிடுவதால் உடை தகரத்தில் செய்தது போலாகிவிடுகிறது.

கேமரா இருந்த காலத்தில் ஏன் வரைந்துகொண்டிருந்தார்கள் என்ற கேள்வி வரும். 1932 ஜூலையிலேயே எட்வர்ட் ஸ்டைக்கன் எடுத்த வண்ணப் புகைப்படத்தை வோக் தன் அட்டையில் போட்டுவிட்டது. அதன்பிறகும் ஓவியம் முப்பது ஆண்டுகள் போல் தாக்குப்பிடித்தது. ஒரு காரணம் அச்சு. செய்தித்தாள் காகிதத்தில் புகைப்படம் பெரிய பெரிய புள்ளிகளாகத்தான் அச்சாகும். கறுப்புக் கோட்டின் தையல், பாக்கெட் எல்லாம் மை தீற்றலில் கரைந்துவிடும். மையில் வரைந்த கோடோ அதே காகிதத்தில் தெளிவாக விழும். அதனால்தான் பெரிய கடைகளின் நாளிதழ் விளம்பரங்கள் நீண்ட காலம் ஓவியத்தையே நம்பியிருந்தன. அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் பிரபலமாவதற்கு முன் நியூயார்க்கில் பிழைத்தது இப்படித்தான். 1950களில் ஐ. மில்லர் காலணிக் கடைக்காக அவர் வரைந்த செருப்புகளை இன்று அருங்காட்சியகங்களில் மாட்டி வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு காரணம் திருட்டுப் பயம். பாரிஸ் உடையை நகலெடுத்து மலிவாக விற்பது அன்று பெரும் தொழில். காட்சி நடக்கும் கூடத்தில் பார்வையாளர்கள் உட்கார்ந்து வரையத் தடை இருந்தது. ஆனாலும் மனத்தில் பதித்துக்கொண்டு வெளியே வந்து வரைந்து விற்கிறவர்கள் இருந்தார்கள். இதழ்கள் படங்களை வெளியிடக் குறிப்பிட்ட நாள்வரை காத்திருக்க வேண்டும். அனுமதி பெற்ற ஓவியர்களுக்கோ உடை கையில் இருக்கும் நேரம் கொஞ்சம்தான். எரிக் என்று கையெழுத்திட்ட வோக் ஓவியர் கார்ல் எரிக்சன் உயிருள்ள பெண் எதிரில் நிற்காமல் வரையமாட்டார் என்று பெயரெடுத்தவர். அவரது கோடு க்ரூவோவினுடையதைவிட மென்மையானது. பெண்ணோடு சேர்ந்து அவள் உட்கார்ந்திருக்கும் ஹோட்டல் கூடமும் படத்துக்குள் வந்துவிடும். வோக் இதழில் அவரோடு வரைந்த ரெனே பூஷே முகங்களில் வல்லவர்.

எரிக் 1958இல் இறந்தார், பூஷே 1963இல். அதற்குள் வோக் பக்கங்களைப் புகைப்படம் பிடித்துவிட்டது. ஓவியம் முழுக்க அழிந்துவிடவில்லை. நியூயார்க்கின் உடைத் தொழில் நாளிதழான விமன்ஸ் வேர் டெய்லியில் கென்னத் பால் பிளாக் பல பத்தாண்டுகள் வரைந்தார். க்ரூவோ 1966இல் டியோரின் 'ஓ சோவாஜ்' வாசனைத் திரவிய விளம்பரங்களுக்கு ஆண்களை வரைந்து மறுபடி பேசப்பட்டார். 2004இல் தொண்ணூற்றைந்து வயதில் இறக்கும்வரை அவருக்கு மதிப்புக் குறையவில்லை.

ஆனால் சாதாரணப் பெண்களின் வீட்டுக்குள் நுழைந்த ஃபேஷன் ஓவியம் இவர்கள் யாருடையதும் இல்லை. தையல் பேட்டர்ன் உறைகளின்மேல் இருந்த படம்தான் அது. சிம்ப்ளிசிட்டி, பட்டெரிக், மெக்கால்ஸ் போன்ற நிறுவனங்கள் காகிதத்தில் வெட்டுவடிவங்களை அச்சடித்து உறையில் போட்டு விற்றன; 1949 முதல் வோக் பாரிஸ் வடிவமைப்பாளர்களின் உடைகளுக்கே பேட்டர்ன் விற்றது. வரைந்தவர் பெயர் அந்த உறைகளில் பெரும்பாலும் இருக்காது. முன்பக்கத்தில் ஒன்பது தலை உயர அழகி நிற்பாள். பின்பக்கத்தில் ஆளில்லாமல் உடை மட்டும் தட்டையாக, தையல் கோடுகளோடு சின்னதாக வரைந்திருக்கும். இந்த இரண்டையும் அக்கம்பக்கமாக வைத்துப் பார்ப்பதைவிட நல்ல பயிற்சி வேறில்லை. முன்பக்க அழகில் எந்தக் கோடு தையல், எந்தக் கோடு வெறும் வீச்சு என்று உடனே தெரிந்துவிடும்.

பாரிஸ் உடைகளிலும் இதே பயிற்சியைச் செய்யலாம். 'பார்' உடை லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் இருக்கிறது. இரண்டு இடத்தின் இணையதளங்களிலும் படங்களைப் பெரிதாக்கிப் பார்க்க முடியும். சீன் ஆற்றங்கரையில் அந்த உடையோடு ஒரு பெண் நிற்கும் வில்லி மேவால்டின் புகழ்பெற்ற புகைப்படத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். அது 1947 காட்சியின்போது எடுத்ததல்ல, 1955இல் எடுத்தது. பக்கத்தில் க்ரூவோ வரைந்த ஒரு டியோர் உடையை வையுங்கள். முதலில் மூன்றிலும் இடுப்பு உயரத்தை ஒப்பிடுங்கள், அப்புறம் கோட்டின் விளிம்பு இடுப்பெலும்பிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பாருங்கள். பொம்மைமேல் மாட்டிய உடையில் அந்த விளிம்பு அசையாமல் நிற்கும். மேவால்டின் பெண் காலை நீட்டி நிற்பதால் அது ஒரு பக்கம் தூக்கியிருக்கும். க்ரூவோவின் தூரிகை எந்த இடத்தில் அழுந்தித் தடித்திருக்கிறது என்று அதற்கப்புறம் தேடுங்கள்.